துணைக்கருவி பெரியதம்பி

சவுந்தரநாயகத்தின் கொம்பியூட்டரைப் பொலிஸ் தூக்கிக்கொண்டு போனதற்கு அதற்குள் இருந்த மேளச் சத்தம் காரணமல்ல. அந்தச் சத்தங்களுக்கு அவர் வைத்திருந்த பெயர்கள்தான் காரணம்.

அவர் கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியர் ஒருவரின் மேல்மாடியில் மனைவி பத்மாவதியுடன் வாடகைக்கு இருந்தார். பகலில் ஒரு கம்பனியில் கொம்பியூட்டர் திருத்துகிற வேலை. மிச்ச நேரமெல்லாம் நாதஸ்வரத்தையும் தவிலையும் கொம்பியூட்டருக்குள் கொண்டுவருகிற வேலை. கசெற்றில் பதிந்து போடுவதல்ல அது. ஒவ்வொரு சுரத்தையும் தனியாக ஊதச் சொல்லி, மெல்ல ஒருதரம், நடுத்தரமாக ஒருதரம், பலமாக ஒருதரம் பதிய வேண்டும். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகிற இடங்களையும் பதிய வேண்டும். பிறகு எல்லாவற்றையும் விசைப்பலகையின் கட்டைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும். மெல்லத் தொட்டால் மெல்ல ஊத வேண்டும். ஓங்கி அழுத்தினால் ஓங்கி ஊத வேண்டும். ஒரே அடி இரண்டுமுறை விழுந்தால் யந்திரம் என்று காது கண்டுபிடித்துவிடும் என்பதால் தவிலின் ஒவ்வொரு சொல்லையும் எட்டுத் தடவை பதிந்திருந்தார். தவில் அடித்துக் கொடுத்தவர் அடுத்த மாதமே கனடாவுக்குப் போய்விட்டார்.

நாதஸ்வரம்தான் ஏழு வருசமாகச் சரிவரவில்லை. எப்படிச் செய்தாலும் ஐஸ்கிறீம் விற்க வருகிற வானின் சத்தமாகவே வந்தது. இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு பெரியதம்பி வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்து இணுவில்காரர், ஐம்பத்தெட்டு வயது. ஆடி மாதத்தில் கொட்டாஞ்சேனைக் கோயிலொன்றின் திருவிழாவுக்கு வாசிக்க வந்தார். ஆவணியில் சண்டை மூண்டு யாழ்ப்பாணப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். மனைவி நாகேஸ்வரி அங்கே. இவர் கொட்டாஞ்சேனை லொட்ஜொன்றில் இங்கே. லொட்ஜின் பின்னறையில் சுவரெல்லாம் மெத்தைகளைச் சாத்தி, நாலு மாதம், சுரம் சுரமாக அவர் ஊத, சவுந்தரநாயகம் பதிந்தார். ஒருநாள் பின்னேரம் கட்டையொன்றை அழுத்தியபோது பெரியதம்பி திடுக்கிட்டுத் தன் வாத்தியத்தைப் பார்த்தார். அது உறைக்குள் கிடந்தது.

அதன்பிறகு இருவரும் கலியாணங்களுக்குச் சேர்ந்து போனார்கள். பெரியதம்பி வாசிப்பார். தவிலையும் இரண்டாவது நாதஸ்வரத்தையும் சுருதிக்கு ஊதுகிற ஒத்தையும் சவுந்தரநாயகம் விசைப்பலகையில் பிடிப்பார். தாலி ஏறுகிற கணத்துக்குச் சரியாகக் கெட்டிமேளம் விழுந்தது. அதுவரைக்கும் வெள்ளவத்தையில் கெட்டிமேளம் கசெற்காரர் பொத்தானைத் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் விழும்.

பிசகு பெயரில் வந்தது. சத்தம் பிறக்கிற முதற் கணத்தை அந்தத் தொழிலில் அட்டாக் என்பார்கள். சவுந்தரநாயகம் ஒழுங்கான மனிதர். பதிந்த இடம், பகுதி, பலம், இலக்கம், நேரம் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தார். ஒரு ஞாயிறு காலை பொலிஸ் சுற்றிவளைப்பு வந்தபோது, இங்கிலீஷ் தெரிந்த இளம் அதிகாரி ஒருவர் கொம்பியூட்டரைத் திறந்து வாசித்தார்: கொட்டாஞ்சேனை அட்டாக், பலமானது, எட்டு, வெள்ளி பின்னேரம்.

அதிகாரி மரியாதையானவர். முதல் ஏழும் என்ன ஆனது என்று மட்டும் கேட்டார்.

சவுந்தரநாயகத்துக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. முதல் ஏழும் தனக்குத் திருப்தியாக வரவில்லை என்றார்.

மூன்று நாள் உள்ளே வைத்திருந்தார்கள். பத்மாவதி பொலிஸ் நிலைய வாசலிலேயே இருந்தாள். வீட்டுக்கார ஆசிரியர் வந்து, இந்த மனிதர் மேளச் சத்தத்தால் தன் பின்னேர நித்திரையைக் குழப்புவதைத் தவிர வேறொரு குற்றமும் செய்ததில்லை என்று எழுதிக் கொடுத்த பிறகு விட்டார்கள். கொம்பியூட்டரையும் பிரதி எடுத்து வைத்திருந்த பதினொரு சீடிகளையும் விடவில்லை. கிழமைக்கு ஒருதரம் வந்து ஒப்பமிட வேண்டும். இவை வாத்தியச் சத்தங்கள்தான் என்று உரிய சபையிடம் கடிதம் வாங்கி வந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று நிலையப் பொறுப்பதிகாரியான ஓ.ஐ.சி. சிங்களத்தில் அன்பாகச் சொன்னார்.

உரிய சபை மருதானையில் ஓர் அச்சுக்கூடத்துக்கு மேலே இருந்தது. பெயர் தேசிய இசையொலி மெய்ப்பிப்புச் சபை. முன்னொரு காலத்தில், இறக்குமதியாகிற ஊதுகுழல்களில் எது வாத்தியம், எது விளையாட்டுச் சாமான் என்று சுங்கத் தீர்வைக்காகப் பிரித்துச் சொல்வதற்கு அமைத்தது. இறக்குமதி நின்ற பிறகும் சபை நிற்கவில்லை. வாய்க்கு ஒருவர், தோலுக்கு ஒருவர், நரம்புக்கு ஒருவர் என்று மூன்று நிபுணர்கள் இருந்தார்கள். தலைவர் நாகேந்திரம், ஓய்வுபெற்ற நீர்ப்பாசனப் பொறியியலாளர். குழாய்களில் நாற்பது வருச அனுபவம் உள்ளவர் என்பதால் நியமிக்கப்பட்டவர். கிளாக்கர் நஸீறா என்ற பிள்ளை, கிராண்ட்பாஸ்காரி. சபையின் விதிகளை முழுக்க வாசித்த ஒரே ஆள் அவள்தான்.

படிவத்தில் கருவியின் நீளம் கேட்டிருந்தது. இந்தச் சத்தத்துக்கு நீளம் இல்லை என்று சவுந்தரநாயகம் வெறுமையாக விட்டார். படிவம் திரும்பி வந்தது. பொலிஸில் கெஞ்சி, கொம்பியூட்டரை அளந்து, பதினேழு அங்குலம் என்று எழுதினார். பதினேழு அங்குல நாதஸ்வரம் விளையாட்டுச் சாமான் என்று சபை தீர்ப்பளித்தது. மேன்முறையீடு செய்தார். ஊதாத வேளையில் கருவி எங்கே வைக்கப்படுகிறது என்று கேட்டார்கள். பொலிஸில் என்று எழுதினார். அப்படியானால் அது பொலிஸ் வாத்தியம், பாண்ட் கோஷ்டிக்கான வேறு படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள்.

இப்படி ஐந்து மாதம் போனது. கிழமைக்கொருதரம் ஒப்பம். கம்பனியில் ஒவ்வொரு கிழமையும் லீவு கேட்க முடியாமல் வேலையும் போயிற்று. வாசலில் வாகனம் நின்றால் பத்மாவதி கையிலிருப்பதை வைத்துவிட்டு எழுந்து நிற்கப் பழகிவிட்டாள்.

கடைசியில் நாகேந்திரமே ஒரு வழி சொன்னார். உண்மையான வித்துவான் ஒருவரும் இந்த யந்திரமும் திரைக்குப் பின்னால் வாசிக்கட்டும். சபை காதால் தீர்மானிக்கும். யந்திரம் வாத்தியம் போலவே கேட்டால் அது வாத்தியம். சவுந்தரநாயகத்துக்கு அன்றைக்குத்தான் முதன்முதலாக ஒருவர் தன்னோடு தமிழில் கதைத்தது போலிருந்தது. பெரியதம்பியிடம் ஓடினார். அவர் உடனே ஓமென்றார்.

சோதனைநாளன்று சபையில் திரை இருக்கவில்லை. நாகேந்திரம் வீட்டிலிருந்து நீலப் பூப்போட்ட கட்டில் விரிப்பொன்றைக் கொண்டுவந்து கட்டினார். பெரியதம்பி கொட்டாஞ்சேனையிலிருந்து மருதானைக்கு வர நாலு சோதனைச் சாவடி. மூன்றாவதில் அவரை வரிசையிலிருந்து விலக்கி வெயிலில் ஒரு மணித்தியாலம் முழந்தாளில் வைத்திருந்தார்கள். நாதஸ்வரத்தின் உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தார்கள். வாயில் வைத்து ஊதுகிற சீவாளியைக் கழற்றிக் கைமாற்றிக் கைமாற்றி மணந்தார்கள். அவர் வந்து சேர்ந்தபோது வாய் காய்ந்து போயிருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு விரிப்புக்குப் பின்னால் போய் நின்று வாசித்தார். நன்றாகத்தான் வாசித்தார். இடைக்கிடை மூச்சு அறுந்தது. ஓரிடத்தில் சுரம் உடைந்தது. நிறுத்திவிட்டு அதே இடத்திலிருந்து திரும்பத் தொடங்கினார்.

பிறகு பொலிஸிலிருந்து கொண்டுவந்த கொம்பியூட்டரில் சவுந்தரநாயகம் வாசித்தார்.

மூன்று நிபுணர்களும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். முடிவை எழுதி, சீல் குத்தி, அதன்பிறகு நாகேந்திரம் எழுந்தார்.

"முதலாவது சத்தத்திலை இடைக்கிடை ஒரு தடங்கல் கேட்டது. பயந்த மாதிரி. யந்திரம் எப்பவும் பிடிபடுகிற இடம் அது. உண்மையான வித்துவான் ஏன் பயப்பட வேணும்? இந்த நாட்டிலை கலைஞனுக்கு என்ன பயம்? இரண்டாவது சத்தம் மூண்டு நிமிசமாக மூச்சே எடுக்கவில்லை. அதைத்தான் நாங்கள் ஞானம் எண்டு சொல்லுறது. ஆகவே முதலாவது செயற்கை, இரண்டாவது மெய்யான வாத்தியம் எண்டு சபை ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறது."

விரிப்பை அவிழ்த்தார்கள். முதலாவது சத்தம் வாத்தியத்தைக் கையில் பிடித்தபடி நின்றது.

அந்த இடத்தில் சவுந்தரநாயகம் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. மேசையில் அவருடைய சான்றிதழ் கிடந்தது. 'மெய்யான வாத்தியம்' என்று எழுதியிருந்தது. அதைப் பொலிஸில் கொடுத்தால் கொம்பியூட்டர் திரும்பிவரும், இனி ஒப்பமில்லை, வாசலில் வாகனமில்லை, பத்மாவதி இருந்த இடத்தில் இருக்கலாம். நாகேந்திரம் பெரியதம்பியை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். முடிவு எழுதியாகிவிட்டதால் அவர் அங்கே நிற்பது சபைக்கு ஒரு பிரச்சினையல்ல என்பதுபோல அடுத்த பைலை எடுத்தார். பெரியதம்பி சிரித்துக்கொண்டே படியிறங்கினார். உங்கட வேலை முடிஞ்சுதானே தம்பி, அது காணும் என்றார். சவுந்தரநாயகமும் அதைச் சிரிப்பாகவே எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

சிரிப்பு ஆறுநாள் இருந்தது. சபை எந்தத் தீர்ப்புக்கும் பொலிசுக்கு ஒரு பிரதி அனுப்பும். வடக்கிலிருந்து வந்தவர்கள் கொழும்பில் ஏன் தங்கியிருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிந்திருக்க வேண்டும். பெரியதம்பியின் பதிவில் நாதஸ்வரம் வாசிப்பதற்கு என்றிருந்தது. இப்போது அவர் வாசிப்பது நாதஸ்வரமல்ல என்று அரசாங்க சபையொன்று சீல் குத்திச் சொல்லியிருக்கிறது. பொய்க் காரணம் சொன்னவர்களைச் சனிக்கிழமை பஸ்ஸில் ஏற்றி வவுனியாவில் இறக்குவதாக இருந்தது. அங்கிருந்து வீட்டுக்குப் போகப் பாதையில்லை. முகாம் ஒன்றுதான்.

சவுந்தரநாயகம் மருதானைக்கு ஓடினார். அன்றைக்கு நடந்ததை முழுக்கச் சொன்னார். முதலில் வாசித்தது மனிதர், இரண்டாவது யந்திரம், யந்திரத்துக்குள் இருக்கிற மூச்சும் அந்த மனிதருடையதுதான், என் சான்றிதழைக் கிழித்துவிடுங்கள், என்னை வேண்டுமானால் திரும்ப உள்ளே போடட்டும் என்று அழுதார்.

நாகேந்திரம் அவருக்குப் பால் விடாத பிளேன் ரீ எடுப்பித்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஐசே, நீர் நல்ல மனுசன். நீர் சொல்லுறது உண்மையாயும் இருக்கும். ஆனால் இந்தத் தீர்ப்புப் பிழையெண்டால் முப்பத்திரண்டு வருசமா நாங்கள் குடுத்த தீர்ப்பெல்லாம் பிழையாப் போயிடும். ஒரு ஆளுக்காக அவ்வளவு வாத்தியத்தையும் நான் விளையாட்டுச் சாமான் ஆக்க ஏலுமோ?"

இருந்தாலும் அவர் இரக்கமில்லாதவரல்ல. யோசித்தார். அந்த மனிதரின் மூச்சு யந்திரத்துக்குள் இருப்பது உண்மையென்றால், அந்த மனிதர் யந்திரத்தின் ஒரு பகுதி. சபையின் படிவத்தில் துணைக்கருவிகள் என்று ஓர் இடம் இருக்கிறது. துணைக்கருவிக்குத் தங்குமிடக் காரணம் தேவையில்லை. பிரதான கருவி இருக்கிற இடத்தில் அதுவும் இருக்கலாம்.

அப்படியே செய்தார்கள். புதிய அனுமதிப் பத்திரத்தில் கொம்பியூட்டர் ஒன்று, விசைப்பலகை ஒன்று, ஒலிபெருக்கி இரண்டு, பெரியதம்பி ஒன்று என்று நஸீறா தட்டெழுதினாள். ஓ.ஐ.சி. அதைப் பார்த்துவிட்டு, ஆட்கள் புத்தகத்திலிருந்து பெரியதம்பியின் பெயரை வெட்டி, பொருட்கள் புத்தகத்தில் எழுதினார். சனிக்கிழமை பஸ் அவரில்லாமல் போனது.

லொட்ஜில் பொருள்களுக்கு அறை கொடுக்கமாட்டார்கள் என்பதால் அவர் வெள்ளவத்தைக்கு வந்து சவுந்தரநாயகம் வீட்டிலேயே தங்கினார். பத்மாவதி ஒரு பிளேட் கூடப் போட்டாள். சோதனைச் சாவடிகளில் பத்திரத்தை விரித்துக் காட்டினால் ஆமிப் பையன்மார் விரல் வைத்து எண்ணி, எல்லாம் சரியென்று விடுவார்கள். ஒருமுறை ஒலிபெருக்கி ஒன்று குறைந்ததற்கு மறித்தார்கள். பெரியதம்பி குறையவில்லை.

பெரியதம்பி சிரிப்பதை எப்போது நிறுத்தினார் என்று சவுந்தரநாயகம் கவனிக்கவில்லை. கலியாண வீடுகளில் ஆட்கள் வந்து கைகொடுத்தால் அவர் கையை நீட்டச் சற்று நேரமெடுத்தது.

மாசி மாதத்தில் இணுவிலிலிருந்து தகவல் வந்தது. நாகேஸ்வரிக்கு இருதயம் பலவீனம், ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள், வரமுடிந்தால் வரச் சொல்லுங்கோ என்று பக்கத்து வீட்டுக்காரர் போனில் கதைத்தார். திருகோணமலையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கப்பல் ஓடியது. அனுமதி கேட்கப் போனால், பெரியதம்பி என்ற பெயரில் ஆட்கள் புத்தகத்தில் ஒருவரும் இல்லை என்றார்கள். பொருட்கள் புத்தகத்தில் இருப்பதைக் காட்டினார் சவுந்தரநாயகம். பொருள்களுக்குப் பயண அனுமதி வழங்குவதில்லை, அதுவும் துணைக்கருவியைப் பிரதான கருவியிலிருந்து பிரிக்க முடியாது என்றார்கள். சபைக்குப் போனார். சபை அடுத்த கூட்டம் வைகாசியில் என்றது.

நஸீறாதான் படியில் வந்து அவரை மறித்தாள்.

"சேர், நான் ஒண்டு செல்றேன், கோவிச்சுக்காதீங்க. பதினாலாம் விதி ஈக்கிது. பிரதான கருவி ஒடஞ்சு பெய்த்தா, துணைக்கருவிய அதுட சொந்தக்காரருக்குத் திருப்பி அனுப்பித்தான் ஆகணும். பொலிஸும் மறிக்க ஏலாது. அவசர அழிப்புக்குக் கூட்டம் தேவயில்ல, மூணு பேரும் வந்தாப் போதும். ஆனா மெய்யாவே ஒடைக்கணும். சீடி எல்லாத்தயும் சேத்து. தலைவர் நிண்டு பாப்பார்."

சவுந்தரநாயகம் கடற்கரைத் தண்டவாளத்தோடு நடந்தே வீட்டுக்குப் போனார். ஏழு வருசமும் நாலு மாதமும் நானூற்றுச் சொச்சம் சத்தங்களும். தவில்காரர் கனடாவில் வேறு வேலைக்குப் போய்விட்டார். பெரியதம்பிக்கும் இனி அந்த மூச்சு வராது. திரும்பச் செய்ய முடியாத வேலை அது. வேறு வழி ஏதாவது இருக்குமென்று ராத்திரிச் சாப்பாட்டின்போது பத்மாவதியிடம் சொல்லிப் பார்த்தார்.

"நீங்கள் அண்டைக்கு வாய் திறந்திருந்தா இண்டைக்கு இது தேவைப்பட்டிராது" என்றாள் பத்மாவதி. அவருடைய பிளேட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

அழிப்புக்கு மூன்று நிபுணர்களும் கோட் போட்டு வந்தார்கள். சுத்தியல் கீழே அச்சுக்கூடத்தில் இரவல் வாங்கியது. அழிக்கப்படுவது சான்றிதழ் பெற்ற அதே வாத்தியம்தான் என்று உறுதிப்படுத்த ஒருமுறை வாசித்துக் காட்ட வேண்டுமென்றார் நாகேந்திரம். சவுந்தரநாயகம் வாசித்தார். அன்றைக்குப் போலவே சத்தம் ஓரிடத்திலும் உடையவில்லை. வாய் நிபுணர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இப்படியொரு வித்துவானை இனி நாங்கள் எங்கே காணப்போகிறோம் என்றார். பெரியதம்பி ஒலிபெருக்கிகளுக்குப் பக்கத்தில், சுவரோடு நின்றார்.

பெட்டியைத் திறந்து, உள்ளே சத்தங்களெல்லாம் பதிந்திருந்த தட்டை எடுத்து மேசையில் வைத்தாயிற்று. உள்ளங்கையளவு சாமான். சவுந்தரநாயகம் சுத்தியலை ஓங்கினார். இறக்க முடியவில்லை. திரும்ப ஓங்கினார். நாகேந்திரம் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"அடியுங்கோ தம்பி" என்றார் பெரியதம்பி. "நான் இஞ்சைதானே நிக்கிறன்."

மூன்றாவது அடியில் அது பிளந்தது. சீடிகளை வாய், தோல், நரம்பு மூவரும் ஆளுக்கு மூன்றாகவும், மிச்சம் இரண்டைத் தலைவரும் முறித்தார்கள். எல்லோருக்கும் ஒருவகைச் சந்தோசம் வந்திருந்தது. சபை தொடங்கிய நாளிலிருந்து இவ்வளவு கைவேலை அவர்களுக்குக் கிடைத்ததில்லை.

துணைக்கருவியின் உரிமையாளர் இடத்தில் சவுந்தரநாயகத்தின் பெயரை எழுதச் சொல்லிவிட்டு நாகேந்திரம் கைகழுவப் போனார். நஸீறா தட்டெழுத்து யந்திரத்தில் தாளைச் செருகி, பெரியதம்பியைப் பார்த்து, உங்கட பொஞ்சாதிட முழுப் பேர் என்ன என்று கேட்டாள். அவர் சொன்னார். விலாசத்தையும் சொன்னார். தலைவர் துவாயில் கைதுடைத்துக்கொண்டே வாசிக்காமல் ஒப்பமிட்டார். வாசிப்பது கிளாக்கரின் வேலை.

பத்து நாளில் கப்பல் கிடைத்தது. திருகோணமலை ரயிலுக்குக் கோட்டைப் புகையிரத நிலையத்துக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். சவுந்தரநாயகம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். பெரியதம்பி வாத்திய உறையின் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு, பத்மாவதியிட்டைச் சொல்லுங்கோ, சாப்பாடு நல்லாயிருந்தது என்றார். ரயில் போனது.

அதன்பிறகு சவுந்தரநாயகத்தின் மேசை வெறுமையாகக் கிடந்தது. வாத்தியம் இல்லாத மனிதரை விசாரிக்கப் பொலிசுக்கும் ஒன்றுமில்லை. வெள்ளவத்தையில் கெட்டிமேளம் திரும்பவும் பிந்தி விழத் தொடங்கியது.

இரண்டு மாதம் கழித்து நஸீறா வீட்டுக்கே வந்தாள். திருப்பி அனுப்பிய பொருளுக்குச் சபை ஒரு பற்றுச்சீட்டு அனுப்பியிருந்தது. உரிமையாளர் ஒப்பமிட்டுத் திருப்ப வேண்டும். வந்த பற்றுச்சீட்டில் வெட்டும் திருத்தமும் இருந்ததால் அது செல்லாது, புதிய தாளில் சுத்தமாக எழுதி வாங்கும்படி தலைவர் உத்தரவிட்டாராம். நஸீறா புதிய தாள் அனுப்பவில்லை. வந்தத நீங்களே வெச்சுக்கோங்க என்று கொடுத்துவிட்டுப் போனாள்.

அச்சடித்திருந்த வாசகம் இதுதான்: பொருள் நல்ல நிலையில் வந்து சேர்ந்தது.

நாகேஸ்வரி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதியிருக்க வேண்டும், எழுத்து வரிசையை விட்டுச் சரிந்திருந்தது. 'பொருள்' என்பதை வெட்டியிருந்தாள். 'நல்ல நிலையில்' என்பதை வெட்டி, மேலே 'மெலிந்து' என்று எழுதியிருந்தாள். கடைசிச் சொல்லில் 'தது' என்ற இரண்டு எழுத்தையும் பேனா தாளைக் கிழிக்கும்வரை அடித்துவிட்டு, பக்கத்தில் 'தார்' என்று போட்டு, கீழே ஒப்பமிட்டிருந்தாள்.